வெனிஸில் வரைய ஒரு மணி நேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் ஓவியக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதுதான் நீர்வண்ணம் பழகுகிறேன். கோபுரம், வைகைக் கரை, எங்கள் தெரு என்று மதுரையையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். அக்டோபர் நடுவில் மகளிடம் மியூனிக் போகிறோம். அங்கிருந்து ரயிலில் இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் என்று பத்து நாளுக்குத் திட்டம் போட்டிருக்கிறாள். எல்லா ஊரிலும் ஒரு படமாவது வரைய எனக்கு ஆசை. ஆனால் மற்றவர்கள் எனக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? "ஃபோட்டோ எடுத்துக்கோம்மா, ரூமுக்கு வந்து வரைஞ்சுக்கலாம்" என்கிறாள் மகள். அப்படிச் செய்யலாமா? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? தெருவில் உட்கார்ந்து வரைந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சமும் இருக்கிறது.

எஸ்., மதுரை

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் மகள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். வண்ணத்தை அறைக்கு வந்து தீட்டலாம். பென்சில் வேலையை மட்டும் அந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள். ஃபோட்டோவைப் பார்த்துத்தான் வரையப்போகிறோம் என்றால் அதை மதுரையில் உட்கார்ந்தே செய்யலாமே.

இப்படிப் பிரித்துச் செய்வதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். ஆங்கில ஓவியர் டர்னர் முதன்முதலாக வெனிஸுக்கும் ரோமுக்கும் போனது 1819இல். ரோமில் ஓர் இளம் ஓவியர், உங்களோடு நானும் வெளியே வந்து வண்ணம் தீட்டலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். திறந்தவெளியில் வண்ணம் தீட்ட நேரம் அதிகம் பிடிக்கும், ஒரு வண்ணப்படம் போடுகிற நேரத்தில் 15, 16 பென்சில் ஸ்கெட்ச் போட்டுவிடுவேன் என்று டர்னர் முனகினாராம். கட்டடக்கலைஞர் ஜான் சோனின் மகன் அந்த ஆண்டு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. அந்தப் பயணத்தில் வெனிஸில் டர்னர் நிரப்பிய பென்சில் பக்கங்கள் ஏராளம். ஆனால் அந்தப் பயணத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் வெனிஸ் நீர்வண்ணங்கள் நான்குதான். அதில் ஒன்று சான் ஜோர்ஜோ மஜோரே தேவாலயத்தை அதிகாலையில் பார்த்தது. லண்டனின் டேட் ஓவியக்கூடத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். புறப்படும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெரும்பகுதி வானமும் தண்ணீரும்தான். எவ்வளவு குறைவாகத் தீட்டியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

ஃபோட்டோவில் என்ன கெடுகிறது? முதலில் நிழல். நம் கண் நிழலுக்குள்ளும் நீலம், ஊதா, எதிர்ச்சுவரிலிருந்து பட்டுத் திரும்பும் ஆரஞ்சு எல்லாவற்றையும் பார்க்கும். கேமரா வெளிச்சத்தைக் காப்பாற்றப் பார்த்து நிழலைக் கறுப்பாக்கிவிடும், அல்லது நிழலைத் தூக்கப்போய் மொத்தத்தையும் சப்பென்று ஆக்கிவிடும். அடுத்தது, உயரமான கட்டடத்தைப் படம் எடுக்க ஃபோனை அண்ணாந்து பிடித்தால் இரண்டு பக்கச் சுவர்களும் உள்நோக்கிச் சாயும். இதையெல்லாம்கூடச் சரிசெய்துகொள்ளலாம். பெரிய சிக்கல் என்னவென்றால், ஃபோட்டோவில் எல்லாமே இருக்கும். ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு ஓடும் என்னை வரை என்று கேட்கும். எதை விடுவது என்பதை அந்த இடத்தில் நின்றால்தான் முடிவு செய்ய முடியும். அங்கே எது உங்களை நிறுத்தியது என்று உங்களுக்குத் தெரியும், ஃபோனுக்குத் தெரியாது.

கால் மணி நேரம் கிடைத்தால் போதும். முதலில் கண்மட்டக் கோட்டைப் போடுங்கள். உங்கள் கண்ணைவிட உயரத்தில் இருக்கும் கூரைகளும் பால்கனிகளும் தூரம் போகப்போக அதை நோக்கி இறங்கும், கீழே இருக்கும் தரையும் படித்துறையும் ஏறும். அப்புறம் நிழல்களின் எல்லையைக் குறியுங்கள். ஒரு தடவை குறித்தபின் வெயில் நகர்ந்தாலும் மாற்றாதீர்கள். கடைசியாக நிறத்தை அங்கேயே எழுதிவிடுங்கள். "சுவர் – பூசணிக்காய்ச் சதை, மேலே வெளிறி, கீழே ஈரம்" என்று தமிழில் நாலு வார்த்தை எழுதி வைத்தால் இரவில் அது எந்த ஃபோட்டோவைவிடவும் உதவும். ஓட்டல் அறையின் மஞ்சள் விளக்கில் மட்டும் தீட்ட வேண்டாம். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, பகலில் பார்த்தால் அப்பியிருக்கும். மறுநாள் ரயிலில், ஜன்னலோரம் தீட்டலாம்.

ரயில் என்றதும் ஒன்று. மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் வழியாக ஆல்ப்ஸைக் கடந்து வெனிஸ் போவது, நீர்வண்ணக்காரர்கள் ஆசைப்பட வேண்டிய பாதை. 1495 வாக்கில் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், இளைஞராக இந்த மலைகளைக் கடந்து பயணம் செய்தபோது நிலக்காட்சி நீர்வண்ணங்களைத் தீட்டினார். இன்ஸ்ப்ரூக்கை ஆற்றின் வடகரையிலிருந்து பார்த்து அவர் வரைந்த படம் வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிய தாள், அவ்வளவுதான். அதற்குள் மதில், கோபுரங்கள், பின்னால் மலை, முன்னால் தண்ணீரில் அவற்றின் பிரதிபலிப்பு. அந்த வடகரைக்கு நீங்களும் போகலாம், பழைய ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் போதும். உங்கள் தாளும் அந்த அளவிலேயே இருக்கட்டும்.

நேரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அக்டோபர் நடுவில் வெனிஸில் சூரியன் எழுவதே ஏழரை மணி வாக்கில்தான். ஐந்து மணிக்கு எழுந்து பழகிய உங்களுக்கு அது விடிகாலையே இல்லை. வீட்டில் மற்றவர்கள் எழுந்து குளித்து, காலை உணவுக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் முழுக்க உங்களுடையது. கூட்டமும் இருக்காது.

வெனிஸில் எங்கே என்றால், சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் தண்ணீரோரமாக ஜார்தினெத்தி ரியாலி என்ற சின்னத் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டிய கரையிலிருந்து எதிரே சான் ஜோர்ஜோ மஜோரே தெரியும். அதன் முகப்பு மேற்கு நோக்கியது. அதனால் காலையில் பின்னாலிருந்து வெளிச்சம் வர, தேவாலயம் ஒரே நீலச்சாம்பல் உருவமாக நிற்கும். ஜன்னல் எத்தனை, தூண் எத்தனை என்ற கவலையே வேண்டாம், ஒரே வாஷில், அதாவது நீர்த்த வண்ணத்தை ஒரே பூச்சாகப் பரப்பி, முடித்துவிடலாம். மாலையில் அதே முகப்பில் வெயில் விழும். நேரம் இருந்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரையுங்கள். ஐந்து ஊருக்கு ஐந்து படம் என்ற ஆசையைவிட இது உங்களுக்கு நிறையக் கற்றுத்தரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஃப்ளோரன்ஸையும் ரோமையும் வெறுமனே கண்ணால் பாருங்கள், பென்சிலில் இரண்டு கோடு போட்டாலும் சரி.

தண்ணீரைத் தீட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளைச் சுவரின் பிரதிபலிப்பு சுவரைவிடக் கொஞ்சம் கருத்திருக்கும். கருத்த படகின் பிரதிபலிப்பு படகைவிட வெளிறியிருக்கும்.

வெளிச்சமே வேறு என்பதற்கும் தயாராகப் போங்கள். அக்டோபர் நடுவில் வெனிஸின் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 40 டிகிரிக்கு ஏறாது. மதுரையில் அதே நாளில் 70ஐத் தாண்டியிருக்கும். இங்கே நிழல் கால்மாட்டில் ஒடுங்கும், அங்கே நாள் முழுக்க நீண்டே கிடக்கும். கோபுரத்துக்கு நீங்கள் எடுக்கும் பளீர் நிறங்கள் அங்கே அதிகம் வேலைக்கு ஆகாது. அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள் போதும். முதல் இரண்டையும் கலந்தாலே நீலச்சாம்பலிலிருந்து காப்பிச்சாம்பல் வரை ஐரோப்பியக் கல்லுக்கும் மேகத்துக்கும் வேண்டியதெல்லாம் வந்துவிடும்.

காய்வதும் மெதுவாகத்தான் இருக்கும். மதுரை வெயிலில் வாஷ் ஓரத்துக்குப் போவதற்குள் காய்ந்துவிடும் என்பதால் நாம் தண்ணீரை அள்ளி விடுவோம். குளிரில், மூடுபனியில் அந்தத் தண்ணீர் அப்படியே நிற்கும். அவசரப்பட்டு மேலே அடுத்த வாஷ் போட்டால் சேறாகும். பிரஷ்ஷில் தண்ணீரைக் குறையுங்கள், அல்லது இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

சாமான் குறைவாக இருக்கட்டும். டியூப்கள் கைப்பையில் திரவக் கணக்கில் வரும், காய்ந்த வண்ணக் கட்டிகள் அடுக்கிய பான் (pan) பெட்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை. பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் வாட்டர்பிரஷ் இருந்தால் விமானத்துக்கு முன் காலி செய்துவிடுங்கள். ஷார்ப்னருக்குப் பதில் பேனாக்கத்தி வைத்திருந்தால் அதைப் பெரிய பெட்டியில் போடுங்கள். தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாள் வாங்குங்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊரில் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே காகிதம் செய்கிறார்கள். காகிதத்துக்கு விலங்குப் பசை பூசும் முறை அங்கே வளர்ந்ததுதான். இப்படிப் பசையேற்றிய தாளில்தான் நிறம் உள்ளே இறங்கி மங்காமல் மேலே நிற்கும். அந்த ஊர்ப் பெயரிலேயே வரும் தாள் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது.

உட்காரும் இடத்தில் கவனம் தேவை. ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் 2019 முதல் உட்காரக்கூடாது, அபராதம் போடுவார்கள். வெனிஸிலும் சான் மார்க்கோ சதுக்கத்துப் படிகளிலும் பாலப் படிகளிலும் உட்காரக்கூடாது. பூங்கா பெஞ்சு அல்லது காப்பிக்கடை நாற்காலிதான் பத்திரம். இத்தாலியில் மேசையில் உட்கார்ந்து குடித்தால் நின்று குடிப்பதைவிட விலை கூட இருக்கலாம். அந்தக் கூடுதல் காசு நாற்காலி வாடகை என்று வைத்துக்கொண்டு நிதானமாக வரையுங்கள்.

அப்புறம் அந்தக் கூச்சம். அங்கே தெருவில் ஸ்கெட்ச் நோட்டோடு உட்கார்ந்திருப்பது அன்றாடக் காட்சி. 2007இல் கப்ரியேல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இன்று உலகெங்கும் நகரங்களில் கிளை விட்டிருக்கிறது, நேரில் பார்த்து வரைவதுதான் அவர்களுடைய முதல் விதி. பெரும்பாலானவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். யாராவது நின்றால் நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கக் கரும்பலகையில் வரைந்தவர்தானே நீங்கள்.

அன்புடன்.