பங்குனி ஆமை கரையேறும் மாதங்கள்: கேள்வி பதில்

சென்னையில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டைகளைக் காப்பாற்ற இரவில் தேடி நடக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். சீசன் நெருங்குவதால் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நான் பி.காம். படிக்கிறேன் அண்ணா. உயிரியல் தெரியாது. வரலாமா?

தாராளமாக வாம்மா. நடக்கக் காலும், ராத்திரி கண்விழிக்க மனசும் இருந்தால் போதும். 1988 முதல் சென்னையில் இந்த வேலையைச் செய்துவருவதே ஒரு மாணவர் அமைப்புதான். ஆனால் தனியாகப் போய் முட்டையைத் தோண்டிவிடாதே. வனத்துறை அனுமதி உள்ளவர்கள் மட்டும்தான் தொடலாம்.

இருட்டில் குழியை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதலில் தடம். டிராக்டர் சக்கரம் ஓடியதுபோல் கடலிலிருந்து ஏறி, ஓரிடத்தில் மணல் கலைந்து, திரும்பக் கடலுக்கே இறங்கும். கலைந்த இடத்தில் அனுபவசாலி ஒருவர் கம்பியை மெல்ல இறக்கிப் பார்ப்பார். சுற்றிலும் மணல் இறுகி நிற்கும். குழிக்கு மேலே மட்டும் பொதுக்கென்று இறங்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்புறம் கைதான். தோள் மணலில் படுமளவு குனிந்து தோண்டினால், ஈரமாக, பிங்பாங் பந்து மாதிரி, அழுத்தினால் லேசாகக் குழியும் முதல் முட்டை விரலில் தட்டும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது இருக்கும். எத்தனை வருடம் போனாலும் அந்த முதல் முட்டைக்குக் கை நடுங்கத்தான் செய்கிறது. குழியின் ஆழம், அகலத்தை அளந்துகொண்டு, முட்டைகளைப் பொரியும்வரை பாதுகாக்கும் பொரிப்பகத்தில் அதே பானை வடிவில் குழி வெட்டி, குலுக்காமல் சில மணி நேரத்துக்குள் வைத்துவிடுவோம். ஏறக்குறைய 45, 50 நாளில் குஞ்சுகள் வரும்.

இயற்கையாகவே விட்டுவிடலாமே?

ஆளில்லாத கரையென்றால் அதுதான் சரி. இங்கே நாய் தோண்டிவிடுகிறது. தப்பிப் பொரித்தாலும், வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பிக் குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கிப் போய் ரோட்டில் சாகின்றன.

எங்கள் வீடு கடலைப் பார்த்தது. நாங்கள் என்ன செய்யலாம்?

ஜனவரி முதல் மே வரை மொட்டைமாடி விளக்கையும், கடல் பக்க விளக்கையும் இரவில் அணையுங்கள். முடியாவிட்டால் கரையில் வெளிச்சம் விழாதபடி மறையுங்கள். நடக்க வருவதைவிட இது பெரிய உதவி. பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்.

2025 ஜனவரியில் அத்தனை ஆமைகள் செத்து ஒதுங்கினவே, ஏன்?

சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல். இன்னும் மனசு ஆறவில்லை. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. விசைப்படகுகளின் இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. வலையில் ஆமை வெளியேறும் கருவி பொருத்தினால் தப்பிவிடும். 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அதற்குள் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்துவிடும். இதற்காகக் கரையோரச் சிறு படகுக்காரர்களைத் திட்டாதீர்கள். தடம் பார்த்தால் எங்களுக்குத் தகவல் சொல்வதே பல நாள் அவர்கள்தான்.

பொரித்த குஞ்சுகளைக் கடலுக்கு விடும்போது என் மகள் ஒன்றைக் கையில் வாங்கித் தண்ணீரில் விடலாமா?

வேண்டாங்க. அது தானே மணலில் ஊர்ந்து போகட்டும். பாப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சை மட்டும் அணைத்துவிடுங்கள்.