பழைய வெயிஸ்ட்கோட் எம்பிராய்டரி: தைக்கும் முன்பா, பின்பா?

வெயிஸ்ட்கோட் என்பது கோட்டுக்குள் போடும் மேலாடை. 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் வசதியான ஆண்கள் இதைப் பட்டில், பூவேலை நிறைய வைத்துப் போட்டார்கள். அந்தப் பூவேலை தைத்த சட்டையில் போட்டதல்ல. வெட்டாத முழுத்துணியிலேயே இரண்டு முன்பக்கங்களின் உருவத்தை வரைந்து, ஓரம், பாக்கெட் மூடி எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் பூவேலை செய்துவிடுவார்கள். வெட்டுவதும் தைப்பதும் அப்புறம்தான்.

காரணம் எளிது. துணி சட்டத்தில் விறைப்பாக நின்றால்தான் தையல் சுருங்காமல் விழும். தவிர, வாங்குபவர் பூவேலை முடிந்த துணியைக் கடையில் பிடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டு, தன் டெய்லரிடம் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் ஆரி வேலை பிளவுஸை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து, கை அளவை முதலில் துணியில் வரைந்து, வேலை முடித்த பிறகுதானே டெய்லரிடம் போகிறது? டிசைனை இறக்கும் விதமும் ஏறக்குறைய அதேதான்: காகிதத்தில் கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, மேலே பொடியைத் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக விழும்.

எனக்குப் பிடித்தது அந்தத் துணிகளின் மூலையில் இருக்கும் குட்டி வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பூ. வெட்டி எடுத்து பட்டன் மேல் போர்த்துவதற்காம்! வெட்டப்படாமலே தங்கிவிட்ட துணிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

ஒரு விஷயம்: இந்த ஆடை முழுக்கப் பூவேலை என்று பலரும் நினைக்கிறார்கள். முதுகுப்பக்கம் பெரும்பாலும் வெறும் சாதாத் துணிதான், கோட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?