கூரை இருக்கட்டும், பணம் யாருடையது?

கேள்வி: அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டிய பார்மாவில் வசிக்கிறோம். இங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸ், நகர மையத்தில் ஏரிக்கரையில் இருக்கும் திறந்தவெளி மைதானத்தை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான புரூக் பார்க்கில் முழுக்கக் கூரை போட்ட புதிய மைதானத்துக்குப் போக முடிவு செய்திருக்கிறது. என் கணவருக்கும் பதினான்கு வயது மகனுக்கும் ஒரே கொண்டாட்டம். டிசம்பர் குளிரில் நடுங்காமல் ஆட்டம் பார்க்கலாம், சீசன் டிக்கெட்டுக்கு இப்போதே பணம் சேர்க்க வேண்டும் என்கிறார் கணவர். எதிர்வீட்டுப் பெரியவர் சிறு வயது முதல் பிரவுன்ஸ் ரசிகர். இந்தப் பேச்சு வந்த நாள் முதல் அவர் என் கணவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனை பணம் கொட்டி இதைக் கட்டத்தான் வேண்டுமா? மதுரையிலிருந்து வந்து குடியேறிய நான் இதில் கருத்துச் சொல்லலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பார்மா

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சொல்லலாம். பார்மா இருக்கும் கயஹோகா மாவட்டத்தில் விற்கும் ஒவ்வொரு பீர் பாட்டிலிலும் சிகரெட் பெட்டியிலும் விளையாட்டு அரங்குகளுக்கான வரி அடங்கியிருக்கிறது. 1990 இல் பேஸ்பால் மைதானத்துக்காகவும் கூடைப்பந்து அரங்குக்காகவும் மக்கள் வாக்களித்து ஏற்ற வரி அது. 1995 இல் கால்பந்து மைதானத்துக்காக நீட்டினார்கள். 2014 இல் மேலும் 20 ஆண்டுகளுக்கு நீட்டினார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினருக்காக ஒரு பாட்டில் ஒயின் வாங்கியிருந்தால்கூட இதில் உங்களுக்குப் பங்கு உண்டு. நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள் என்பதற்கு இங்கே வேலையே இல்லை.

அந்த 1995 ஆம் ஆண்டைத் தெரிந்துகொண்டால் எதிர்வீட்டுப் பெரியவரையும் புரிந்துகொள்ளலாம். அந்த ஆண்டு நவம்பர் 6 ஆம் தேதி, பிரவுன்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் ஆர்ட் மாடெல், அணியைப் பால்டிமோர் நகருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். மறுநாள்தான் மைதானத்துக்கான வரி நீட்டிப்பு மீது வாக்கெடுப்பு. அணி கைவிட்டுப் போகிறது என்று தெரிந்த பிறகும், வாக்களித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் வரியைக் கட்டுகிறோம் என்று வாக்களித்தார்கள். அப்படியும் அணி போய்விட்டது. டிசம்பரில் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் மரப்பலகை இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள். 1931 இல் கட்டிய அந்தப் பழைய மைதானத்தை இடித்து, அதன் இடிபாடுகளை ஈரி ஏரிக்குள் மீன்கள் தங்கும் செயற்கைத் திட்டுகளாகப் போட்டார்கள். நகரம் வழக்குப் போட்டுப் போராடி, அணியின் பெயரையும் நிறத்தையும் வரலாற்றையும் தன்னிடமே தக்க வைத்துக்கொண்டது. 1999 இல் அதே இடத்தில் புதிய மைதானம் எழும்பியது. அதே பெயரில் புதிய அணி வந்தது. இப்போது அணி விட்டுப் போக நினைப்பது அந்த மைதானத்தைத்தான்.

புதிய இடம் என்னவோ இருபது கிலோமீட்டர் தொலைவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். பால்டிமோர் அளவுக்குத் தூரமில்லை. ஆனால் ஒருமுறை கைவிடப்பட்டவருக்கு வலி கிலோமீட்டரில் வருவதில்லை. உங்கள் கணவர் அவரிடம் போய் 1995 டிசம்பர் எப்படி இருந்தது என்று கேட்கட்டும். கூரையைப் பற்றிய வாதத்தை அன்று எடுக்க வேண்டாம்.

இனி கூரைக்கு வருகிறேன். கூரைக்கு நான் எதிரியல்ல. ஏரிக்கரைக் காற்று என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 1981 ஜனவரி 4 ஆம் தேதி ஆட்டம் சாட்சி. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம் அது. வெப்பநிலை சுமார் மைனஸ் 16 டிகிரி செல்சியஸ். கடைசி நிமிடத்தில் பிரவுன்ஸ் 12-14 என்று பின்தங்கியிருந்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினாலே வெற்றி என்ற தூரத்தில் நின்றது. அந்தக் குளிரிலும் காற்றிலும் உதையை நம்ப முடியாமல் பயிற்சியாளர் சாம் ருட்டிக்லியானோ பந்தை எறியச் சொன்னார். எதிரணி அதைப் பிடித்துவிட்டது. உங்கள் எதிர்வீட்டுக்காரரைப் போன்றவர்கள் அந்தத் தோல்வியைக்கூட நெஞ்சில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். குளிரில் ஆடுவதே இந்த ஊரின் அடையாளம் என்பது அவர்கள் கட்சி. அதை மதிக்கிறேன். ஆனால் உங்கள் மகன் கை விறைக்காமல் ஆட்டம் பார்க்க ஆசைப்படுவதிலும் குற்றமில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பில்ஸ் அணி பனி கொட்டும் ஊரில் திறந்தவெளியிலேயே புதிய மைதானம் கட்டத் தீர்மானித்தது. பெரும்பாலான இருக்கைகளுக்கு மேல் மட்டும் நிழற்கூரை. அதற்கும் பொதுப்பணம் 85 கோடி டாலர் போனது. ஆகவே வானம் தெரிகிறதா இல்லையா என்பதை வைத்து இதை நாம் தீர்மானிக்க முடியாது.

பணத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். திட்டத்தின் மதிப்பு சுமார் 240 கோடி டாலர். அதில் 60 கோடியை மாநில அரசு தருகிறது. அணியின் உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பத்தினர் 2012 இல் இந்த அணியை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இன்று அதன் மதிப்பு அதைப் போலப் பல மடங்கு. மதிப்பிட்டதைவிடச் செலவு கூடினால் அதைத் தாங்களே ஏற்பதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் மைதானத்தால் ஏறப்போகும் அணியின் மதிப்பும் அவர்களுடையதுதானே? லாபம் ஒரு குடும்பத்துக்குப் போகும் இடத்தில் முதலில் கால்பங்கை மக்கள் ஏன் போட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கூரை போட்டால் ஆண்டு முழுவதும் வருமானம் என்கிறார்கள். இந்த லீகில் ஓர் அணி தன் ஊரில் ஆடும் சீசன் ஆட்டங்கள் ஆண்டுக்கு எட்டு அல்லது ஒன்பதுதான். மீதி நாட்களைக் கச்சேரிகளும் கண்காட்சிகளும் நிரப்ப வேண்டும். ஊரில் ஏற்கெனவே கல்யாண மண்டபம் இருக்கும்போது பக்கத்திலேயே இன்னொன்று கட்டினால் முகூர்த்த நாட்கள் கூடிவிடுவதில்லை. பழைய மண்டபத்தின் கல்யாணங்கள் புதியதற்குப் போகும், அவ்வளவுதான். கிளீவ்லாந்து நகர மையத்தில் கூடைப்பந்து அரங்கு இருக்கிறது, நாடக அரங்குகள் இருக்கின்றன. அங்கு நடக்கும் தியாகராஜ ஆராதனையால் நம் வாசகர்கள் பலருக்கும் பழக்கமான பகுதி அது. ஒரு குடும்பம் மாதத்தில் ஒரு நாள் பொழுதுபோக்குக்குச் செலவழிக்கும் தொகை ஏறக்குறைய ஒன்றுதான். அது புரூக் பார்க்கில் விழுந்தால் நகர மையத்தில் விழாது. மைதானங்களுக்குத் தரும் அரசு மானியம் போட்ட அளவுக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். அவர்கள் ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்த லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரும் என்ற ஆசையும் காட்டப்படுகிறது. வரலாம். குளிர் ஊர்க் கூரை மைதானங்களின் கணக்கைப் பாருங்கள். டெட்ராய்ட் அருகே பான்டியாக்கில் 1982, மினியாபோலிஸில் 1992, டெட்ராய்ட்டில் 2006, இண்டியானாபோலிஸில் 2012, மீண்டும் மினியாபோலிஸில் புதிய மைதானத்தில் 2018. ஐந்து மைதானங்கள், தலைக்கு ஒரே ஒரு சூப்பர் பவுல்.

பான்டியாக் பெயரை உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கார் தொழிற்சாலைகளால் வாழ்ந்த சிறு நகரம் அது. 1975 இல் ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் செலவழித்து, டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காகக் காற்றழுத்தத்தில் நிற்கும் கூரையோடு சில்வர்டோம் கட்டியது. 1985 இல் பனியின் பாரத்தில் கூரை சரிந்தது, மாற்றினார்கள். 2002 இல் அணி டெட்ராய்ட்டின் நடுவில் கட்டிய வேறொரு கூரை மைதானத்துக்குப் போய்விட்டது. ஆள் இல்லாத கட்டடத்தைப் பராமரிக்க முடியாமல் நகரம் 2009 இல் ஏலம் விட்டது. போன விலை ஆறு லட்சம் டாலருக்கும் குறைவு. பிறகு அது கிழிந்த கூரையோடு பாழாகக் கிடந்து, 2017 இல் இடிக்கப்பட்டது. சியாட்டிலின் கூரை மைதானமான கிங்டோமில் இதைவிடக் கொடுமை: 2000 ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்த்த கட்டடத்துக்கு 2015 வரை கடன் கட்டினார்கள்.

புரூக் பார்க்கும் கார் ஊர்தான். மைதானம் வரும் இடம் ஃபோர்டு தொழிற்சாலை இருந்த நிலம். 20,000 பேர்கூட இல்லாத ஊர். இன்றைய கூரைகள் காற்றில் நிற்பவை அல்ல. ஒளி ஊடுருவும் உறுதியான கட்டுமானங்கள். கூரை சரியும் என்று நான் பயப்படவில்லை. முப்பது ஆண்டு கழித்து இந்த மைதானமும் பழையதாகிவிட்டது என்று அணி சொன்னால் அந்தச் சிறிய ஊர் என்ன செய்யும் என்பதே என் கவலை. இப்போது விட்டுப் போகிற மைதானத்துக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அணி விட்டுப் போவதைத் தடுக்க ஓஹையோ 1996 இல் ஒரு சட்டம் போட்டது. மக்கள் வரியில் கட்டிய மைதானத்தில் ஆடும் அணி வெளியேறினால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்கள் அணியை வாங்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது அதன் சாரம். கிளீவ்லாந்து நகரம் அதைப் பிடித்துக்கொண்டு போராடியபோது, 2025 மாநில பட்ஜெட்டிலேயே அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மாநிலத்தை விட்டே போனால்தான் இனி அது செல்லும். பின்னர் நகரமும் அணியும் சமரசமாகி, பழைய மைதானத்தை இடிக்கும் செலவு உட்பட 10 கோடி டாலர் அளவுக்கு அணி தரப்பு தருவதாக முடிவானது. வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னை மிகவும் கொதிக்க வைத்தது அந்த 60 கோடி எங்கிருந்து வருகிறது என்பதுதான். உரிமை கோரப்படாத பணத்திலிருந்து. மூடாமல் விட்ட வங்கிக் கணக்கு, மாற்றாத சம்பளக் காசோலை, இறந்தவரின் காப்பீட்டுத் தொகை, வீடு மாறியபோது மின் நிறுவனத்திடம் திரும்ப வாங்காத வைப்புத்தொகை: இப்படி மறந்துபோன பணத்தை உரியவர் வரும்வரை மாநிலம் காப்பாற்றி வைக்கும். பத்து ஆண்டுக்கு மேல் யாரும் கேட்காத பணம் இனி மாநிலத்துக்கே சொந்தம் என்று அதே பட்ஜெட் மாற்றியது. அதை எதிர்த்து வழக்கும் தொடரப்பட்டது. நம் நாட்டில் பத்து ஆண்டு கேட்கப்படாத வங்கி வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. ஆனாலும் உரியவரோ வாரிசோ எப்போது வந்தாலும் பணம் உண்டு. அதுதான் முறை. மறதியில் கிடக்கும் எளியவர்களின் பணத்தை எடுத்துக் கோடீஸ்வரர் கட்டும் மைதானத்துக்குக் கொடுப்பது, எந்தச் சட்டம் அனுமதித்தாலும், தவறு.

ஆகவே என் முடிவு இது: அணி தன் பணத்தில், தன் கடனில், கட்டட வாடகையிலும் டிக்கெட்டிலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் நம்பிக்கையில் கூரை மைதானம் கட்டட்டும். உங்கள் மகனைப் போலவே நானும் மகிழ்வேன். பொதுப்பணம் சாலைக்கும் வடிகாலுக்கும் மட்டும் போகட்டும். உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைத்தான் சொல்லுங்கள். புரூக் பார்க் கடன் பத்திரம் வெளியிட்டால், டிக்கெட் வரியும் பார்க்கிங் வரியும் எதிர்பார்த்த அளவு வராத ஆண்டில் யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள்.

சீசன் டிக்கெட் விஷயத்தில் கணவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் புதிய மைதானங்கள் பலவற்றில் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாக ஒரு பெரும் தொகை வாங்குகிறார்கள். டிக்கெட் விலை அதற்கு மேல். அது இருக்கிறதா, அணி மாறினால் என்ன ஆகும், விற்க முடியுமா என்று தெரியாமல் முன்பணம் கட்ட வேண்டாம். மகனைப் பழைய மைதானத்துக்கு ஒரு டிசம்பர் ஆட்டத்துக்காவது அழைத்துப் போங்கள். எதிர்வீட்டுப் பெரியவர் வர விரும்பினால் அவரோடு.

இன்னொன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். ஓஹையோ அரசின் உரிமை கோரப்படாத பணப் பட்டியலை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் தேடுங்கள். நம் பெயர்களை அமெரிக்க நிறுவனங்கள் பல விதமாக எழுதும். தகப்பனார் பெயரை முன்னால் போட்டும் பின்னால் போட்டும், எழுத்துக் கூட்டலை மாற்றியும் தேடுங்கள். முதலில் குடியிருந்த வாடகை வீட்டின் மின் இணைப்பு வைப்புத்தொகை அங்கே கிடக்கலாம்.