ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாயிற்று, இனி அப்பீல் உண்டா?

கேள்வி: மூன்று வருடம் முன்பு எங்கள் பைக் மோதி ஒருவருக்குக் காலில் காயம். கேஸ் சீக்கிரம் முடியட்டும் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். (அன்று வண்டி என் பையனிடம்தான் இருந்தது, அப்போது அவனுக்கு 17 வயது.) இப்போது தம்பிக்குக் கிடைத்த அரசு வேலை இந்த கேஸால் நிற்கிறது. மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போடலாமா?
- ஒரு அண்ணன், திண்டுக்கல்

பதில்: போட முடியாது. தானே ஒப்புக்கொண்டவர் தண்டனை அதிகம், அல்லது அது சட்டப்படி செல்லாது என்று மட்டும்தான் அப்பீல் செய்யலாம், 'நான் குற்றவாளி இல்லை' என்று செய்ய முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (CrPC) இது 375ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் (BNSS) 416. அந்த அப்பீலும் முதலில் செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போகும். ஹைகோர்ட்டில் மிச்சம் இருப்பது சீராய்வு மனு (கீழ்க்கோர்ட் நடத்திய விதம் சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு), அதற்கு 90 நாள் கெடு, தாண்டியதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

சரி, அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். வண்டி ஓட்டியது உங்கள் பையன், கூண்டில் நின்றது தம்பி. இதைப் போகிற போக்கில் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? உண்மையைச் சொல்லியிருந்தால் பையன் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கேஸைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிருப்பான், 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி அந்த முடிவு அவன் வேலைக்குத் தடையே ஆகியிருக்காது. 18 வயது ஆகாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கும் 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று 2019லேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆக தம்பி காப்பாற்றியது பையனை இல்லை, உங்களை. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பதற்கு, தம்பியை முன்னால் தள்ளிவிட்டு வீட்டில் உட்காரலாம் என்றா அர்த்தம்? மூத்தவன் தோளில் இருக்க வேண்டியதை இளையவன் தலையில் வைத்துவிட்டீர்கள், அதை நான் மன்னிக்கிற குடும்பப் பாசமாகப் பார்க்கவில்லை.

முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். குற்றச்சாட்டைத் தம்பிக்குப் புரியும்படி சொன்னார்களா, அவன் சொன்னதைக் கூடியவரை அவன் வார்த்தையிலேயே பதிவு செய்தார்களா, இல்லை அச்சடித்த தாளில் கையெழுத்து மட்டும் வாங்கினார்களா என்று பாருங்கள். அதில் ஓட்டை இருந்தால் சீராய்வுக்கு வழி உண்டு. ஆனால் அவன் ஓட்டவில்லை என்று மனுவில் எழுதினால் அடுத்த கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கு வரும், பொய்யாக ஒப்புக்கொண்டது அவனையும் இழுக்கும். அதனால் தம்பிக்குத் தனியாக ஒரு கிரிமினல் வக்கீல் வையுங்கள், அந்தச் செலவு உங்களுடையது. மனுவில் கையெழுத்து போடச் சொல்வதற்கு முன்னால், பையனையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய், அன்று என்ன நடந்தது என்று அவன் மனைவி முன்னிலையில் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.