10,000 ரூபாய் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: ரிசப்ஷன் முடிந்து கோவை அவினாசி சாலையில் காரில் வரும்போது முன்னால் போன பைக்கில் லேசாக இடித்துவிட்டேன். பைக் ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிவு. இரண்டு பீர்தான் குடித்திருந்தேன். ஊதச் சொன்னதில் 84 காட்டியது. போலீஸார் எல்லார் முன்னாலும் ஒருமையில் திட்டி, வீடியோவும் எடுத்தார்கள். கார் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியரான அப்பாவின் பெயரில் இருக்கிறது. கோர்ட்டில் ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: ஒருமையில் திட்டியது தப்புதான். அதற்குத் தனியாகப் புகார் கொடுங்கள், இந்த வழக்கில் அது எடுபடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு வரும். 84-ஐ வைத்துக்கொண்டு பீர் கணக்குப் பேசாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி: கார் அப்பா பெயரில்.

அபராதம் சின்ன விஷயம். கூடவே ஆறு மாதம் வரை சிறை என்பதும் சட்டத்தில் உண்டு. தண்டனை விதித்தால் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸும் போகும். அந்த நாட்களில் 'பக்கத்துத் தெருதானே' என்று வண்டி எடுத்தால் அது தனிக் குற்றம்.

பெரிய செலவு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுக்கும். அப்புறம், ஓட்டியவர் குடித்திருந்தார், பாலிசி நிபந்தனை மீறல் என்று சொல்லி, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயத்தில் உத்தரவு கேட்கும். கிடைத்துவிட்டால் தனி வழக்குக்கூட வேண்டாம், அந்த உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போதும். அரசுப் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. வீட்டையும் டெபாசிட்டையும் செய்யலாம். கார் ரிப்பேர் செலவையும் கம்பெனி மறுக்கும். ஊதிப் பார்க்கும் சோதனையே நடக்காத ஒரு வழக்கில் மற்ற சூழ்நிலைகளை வைத்து அப்படி மறுத்ததை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நீங்கள் அவசரப்பட்டுக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டால், அதன்பேரில் வரும் தீர்ப்பின் சான்றிட்ட நகல்தான் கம்பெனியின் முதல் ஆவணம். ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டில் தண்டனை அளவைப் பற்றித்தான் பேச முடியும். அதனால் ரத்தப் பரிசோதனை அறிக்கை, எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை எல்லாம் கைக்கு வந்து, ஒரு வக்கீல் பார்க்கும்வரை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்தத்திலும் அதிகம் என்று வந்திருந்தால் இந்த வழக்கை நடத்திக் காசைக் கரைக்காதீர்கள்.

அடுத்து, வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் வழக்கமாக விழும் குழி. அடிபட்டவர் வீட்டுக்குப் போய், கையில் பணத்தைக் கொடுத்து, பத்திரத்தில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்குவது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் தீர்ப்பாயம் போவதைத் தடுக்க முடியும் என்று நம்பாதீர்கள். தன் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் நீங்கள் பொறுப்பை ஏற்றதற்காகக் கம்பெனியும் கைகழுவப் பார்க்கும். 'டிரைவர்தான் ஓட்டினார் என்று மாற்றிவிடலாம்' என்று யாராவது சொன்னால் அந்த ஆளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். உங்கள் முகம் ஏற்கெனவே வீடியோவில் இருக்கிறது.

சமரசம் பேசுங்கள், இதுதான் என் ஆலோசனை. ஆனால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அடிபட்டவர் தீர்ப்பாயத்தில் மனு போட்டதும் மக்கள் நீதிமன்றத்தில் முடியுங்கள். கம்பெனி வசூல் உரிமையைச் சுலபமாக விடாது. இருந்தாலும் தொகை குறைய வழி உண்டு, வட்டியும் ஏறாது. காயம் ஏற்படுத்தியதற்கான பிரிவையும் கோர்ட் அனுமதியோடு சமாதானமாக முடிக்கலாம். 185 மிஞ்சும், அதற்கு அபராதத்தை அப்போது கட்டிக்கொள்ளலாம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் அவர் பெயருக்கும் வரும்.