குரல் மட்டும் தெரிந்த பிள்ளைக்காக

கேள்வி: ஐயா, காலைச் செய்தியில் கொழும்பு நிலவரம் சொல்லும் அந்தப் பிள்ளை, போன கிழமை விடியப்புறம் வேலைக்குப் போகும்போது காலி வீதியில் குடித்துவிட்டு ஓட்டி வந்தவனின் கார் மோதி இறந்துபோய்விட்டது. நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ரேடியோவைப் போட மனம் வரவில்லை, சமைக்கும்போது கண் கலங்குகிறது. "யாரோ ஒருத்திக்கு ஏனம்மா இவ்வளவு அழுகை" என்று மகன் கேட்கிறான். நான் அழுவது பிழையா?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பிழையே இல்லை அம்மா. வீட்டில் மற்றவர்கள் எழும்ப முன்னரே, நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டு நிற்கும் நேரத்தில் தினமும் உங்களோடு பேசியவர் எப்படி யாரோ ஒருத்தி ஆவார்? சொந்தக்காரர் எத்தனை பேர் அப்படித் தினமும் பேசுகிறார்கள்? களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் ஏறியபோது அவரே தண்ணீருக்குள் நின்றுகொண்டு, எந்த ஒழுங்கைக்குள் படகு போயிருக்கிறது, எந்தப் பாடசாலையில் சமைத்த சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது எனக்கும் ஞாபகம். பெரிய செய்தியை யாரும் வாசிக்கலாம், ஒழுங்கையின் பெயரைச் சரியாகச் சொல்ல ஊர் தெரிந்த ஆள் வேண்டும்.

நம் ஆட்களுக்கு வானொலி கேட்டு அழுவது புதிதும் இல்லை. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும் நேரம் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடியே வந்து நிற்பார். "பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் கொண்ட" என்று அறிவிப்பாளர் ஊர்களை வாசித்து முடித்துப் பெயருக்கு வருவதற்குள் அம்மாவின் முகம் மாறிவிடும். யுத்த காலத்தில் பாதை பூட்டி, கடிதம் வராமல் கிடந்த நாட்களில் வடக்கில் நடந்த எத்தனையோ சாவு கொழும்புக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் ஒரு "பாவம்" சொல்லாமல் அம்மா அடுப்படிக்குத் திரும்பியதில்லை.

அழுங்கள் அம்மா. ஆனால் ரேடியோவை ஒரேயடியாக மூடிவிடாதீர்கள். அவருடைய இடத்தில் இப்போது வாசிக்கும் பெடியன் அவரோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்தவனாம். முதல் நாள் இரண்டு இடத்தில் தொண்டை அடைத்து அவன் நின்றுபோனதை நான் கேட்டேன். நீங்கள் கேட்கிறீர்கள் என்று நம்பித்தான் அவனும் வாசிக்கிறான்.

கேள்வி: அந்தச் சாரதி இரவு பன்னிரண்டு மணியோடு குடிப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னானாம். என் நண்பர்களும் கொஞ்சம் படுத்தெழும்பிக் கோப்பி குடித்தால் எல்லாம் இறங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இறங்காது தம்பி. ஈரல் தன் பாட்டில், தன் வேகத்தில்தான் வேலை செய்யும். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் மதுசாரம் குறைந்தால் பெரிய காரியம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடிக் குறையும். நம் நாட்டுச் சட்டத்தில் எல்லை 80 மில்லிகிராம். கல்யாண வீட்டில் நன்றாக ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் 180இல் நிற்கும் ஆள், காலை ஐந்து மணிக்கும் 105இல் இருப்பார். பொலிஸார் பலூனை நீட்டினால் மாட்டிக்கொள்வார். கோப்பி, தேசிக்காய்த் தண்ணீர், தலையில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் எதுவும் அந்தக் கணக்கை மாற்றாது. தூக்கம் கொஞ்சம் கலைவதால் தெளிந்துவிட்டோம் என்று ஆள் நம்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து. 80க்குக் கீழே என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம், இந்தியாவில் எல்லை வெறும் 30.

அப்புறம், விடியப்புறம் வீதி வெறிச்சோடிக் கிடக்கும் என்பார்கள் உங்கள் நண்பர்கள். போய்ப் பாருங்கள். வீதி கூட்டும் பெண்கள், பேப்பர் கட்டோடு சைக்கிளில் போகிறவர், இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் தாதிமார், காலைச் செய்திக்கு ஓடும் ரேடியோப் பிள்ளைகள் எல்லோரும் அந்த நேரத்தில் அங்கேதான் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கொண்டாட்டத்தில் என் உறவினர் ஒருவர் நன்றாகக் குடித்துவிட்டுக் கார் எடுத்தபோது, மரியாதை கெட்டுவிடும் என்று நான் திறப்பைக் கேட்கவில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து அந்த இரவுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நீங்கள் கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் பணம் சேர்த்து அவருக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டப்போகிறோம். வேறு என்ன செய்யலாம்?
— இளைஞர்கள் சிலர், வத்தளை

பதில்: கட்டுங்கள். வீதியில் இறந்தவர்களை நினைப்பதற்கென்று நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை ஐ.நா. 2005இல் ஏற்றுக்கொண்டது, அன்றும் ஒரு விளக்கு வையுங்கள். ஆனால் முப்பத்தோராம் நாளுக்கு முன் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரேடியோவில் பேசியது காற்றோடு போய்விடும். வெள்ள நேரத்தில் அவர் சொன்னதை உங்களில் யாராவது போனில் பிடித்திருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். இடம் இல்லை என்று அழித்துவிடாமல் தேடி எடுங்கள். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு அவருடைய தாயிடம் கொடுங்கள். இப்போதே கேட்க அவரால் முடியாமல் இருக்கும், கையில் இருக்கட்டும். மழை இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, பாதியில் அறுந்திருந்தாலும் பரவாயில்லை, எந்தத் திகதியில் பேசியது என்று மட்டும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.