ஆலையும் காதலும்: வாசகர் கேள்விகள்

கே: எலிசபெத் கேஸ்கெலின் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல் 'நார்த் அண்ட் சவுத்' முதலாளி–தொழிலாளி காதல் கதைதானே?

இல்லை. மார்கரெட் ஹேல் தெற்கே பாதிரியாராக இருந்தவரின் மகள். கையில் காசு குறைவு, குடும்பப் பெருமை உண்டு. ஜான் தார்ன்டன் துணிக்கடையில் வேலை பார்த்து ஆலை முதலாளியானவர். பணம் உண்டு, பரம்பரை கிடையாது. இருவருக்கும் இடையில் இருப்பது பழைய கௌரவத்துக்கும் புதுப் பணத்துக்கும் உள்ள உரசல். வர்க்க மோதல் என்றால் அது தார்ன்டனுக்கும் தொழிற்சங்கத்து ஆள் நிக்கலஸ் ஹிக்கின்ஸுக்கும் நடுவில் நடப்பதுதான். வேலை கேட்டு ஐந்து மணி நேரம் காத்திருந்த ஹிக்கின்ஸை முதலாளி விரட்டிவிடுகிறார். பிறகு விசாரித்துப் பார்த்து, தானே அவர் வீடு தேடிப்போய் வேலை தருகிறார். காதல் காட்சிகளைவிட எனக்கு இது பிடிக்கும்.

கே: நாவலில் வரும் ஆலை வேலைநிறுத்தம் நிஜமா?

கதை நடக்கும் மில்டன் கற்பனை ஊர். ஆனால் கேஸ்கெல் வாழ்ந்த மான்செஸ்டர்தான் அது என்பது படித்தாலே தெரிந்துவிடும். 1853-54இல் பக்கத்து ஊரான ப்ரெஸ்டனில் 10 சதவீதக் கூலி உயர்வு கேட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்தார். 1854இல் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலைத் தொடராக எழுதினார். அது முடிந்த அடுத்த மாதமே, அவர் ஆசிரியராக இருந்த அதே வார இதழில் கேஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்' தொடர் ஆரம்பம்.

நாவலில் பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டுச் சாகும் ஹிக்கின்ஸின் மகள் பெஸ்ஸிக்கு 19 வயதுதான். தூசியை இழுத்து வெளியேற்றும் சக்கரம் ஒன்று உண்டு, ஆனால் ஐந்நூறு அறுநூறு பவுண்டு ஆகும், லாபம் தராது என்று அவளே சொல்கிறாள். சில தொழிலாளிகளுக்கும் அந்தச் சக்கரம் வேண்டாமாம்: தூசியை விழுங்காவிட்டால் பசிக்கிறது, அப்புறம் கூலியை ஏற்றித் தரவேண்டும் என்கிறார்கள். எந்த அரசியல் மேடையிலும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லிவிட முடியாது.

கே: 2004 பிபிசி தொடரில் வரும் ரயில் நிலைய முத்தம்?

புத்தகத்தில் இல்லை. தார்ன்டன் தொழிலாளியை அடித்து உதைப்பதும் இல்லை. நாவல் முடிவது லண்டனில், ஒரு வீட்டின் வரவேற்பறையில், கடன் பேச்சில்! பின்னால் சொத்தாகக் கிடைத்து, வங்கியில் இரண்டரை சதவீத வட்டிக்குக் கிடக்கும் 18,057 பவுண்டை நொடித்துப்போன தார்ன்டனுக்குத் தர முன்வருகிறாள் மார்கரெட். வாயில் வட்டிக்கணக்கு, மனசில் வேறு. அன்றைய சட்டப்படி, தனி ஒப்பந்தம் எழுதி வைக்காவிட்டால் திருமணமானதும் மனைவியின் ரொக்கம் கணவனுடையது. அது மாற 1882 வரை ஆனது.

கே: முதலாளி வீட்டுப் பையன் தொழிலாளிப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் கதை உண்டா?

கேஸ்கெலின் 'மேரி பார்ட்டன்' (1848) அந்த ஆசையைக் காட்டிவிட்டுப் பறிக்கிறது. ஆலை அதிபரின் மகன் ஹாரி கார்சன், மேரி விலகும்போதுதான் கல்யாணப் பேச்சையே எடுக்கிறான். அவள் மறுக்கிறாள். பிறகு மேரியின் அப்பாவே அவனைச் சுட்டுக் கொல்கிறார். அவள் மணப்பது தன் வர்க்கத்து ஜெம்மை. இருவரும் கனடா போகிறார்கள். டிஸ்ரேலியின் 'சிபில்' (1845) பிரபு குடும்பத்து இளைஞனையும் ஏழைப் பெண்ணையும் சேர்த்து வைக்கிறது. ஆனால் அவளும் பெரிய இடத்து வாரிசுதான் என்று கடைசியில் தெரியவருகிறது. போங்கு ஆட்டம்.

கே: எதிலிருந்து தொடங்கலாம்?

'நார்த் அண்ட் சவுத்'. முதல் ஆறு அத்தியாயங்களில் ஆலையே தென்படாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.